எழுத்தை எண்ணியவர்

ஸ்கிராபிள் என்ற ஆங்கிலச் சொல் விளையாட்டு ஆடியவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். பையிலே 'இ' எழுத்து 12 வில்லைகள். 'ஏ' 9, 'ஐ' 9. 'கியூ' மட்டும் ஒன்றே ஒன்று. அதை வைத்துச் சொல் அமைத்தால் 10 புள்ளி. 'இ'க்கோ ஒரே புள்ளி. இது யார் போட்ட கணக்கு?

அவர் பெயர் ஆல்பிரட் மோஷர் பட்ஸ். 1899-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி நியூயார்க் மாநிலத்தில் பூகீப்சி என்ற ஊரில் பிறந்தார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கட்டிடக் கலை படித்து 1924-ல் பட்டம் பெற்றார். நினா என்ற ஆசிரியையை மணந்தார். பள்ளியில் அவருக்கே பாடம் சொல்லிக் கொடுத்தவர் அந்த அம்மாள்!

வேலை போயிற்று

1929-ல் அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம் தொடங்கியது. கட்டிடம் கட்டுவோர் இல்லை. வரைபடம் போடுகிறவருக்கு என்ன வேலை இருக்கும்? 1931-ல் பட்ஸ் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 32.

கையில் நேரம் கிடந்தது. காசு இல்லாமல் வீட்டில் அடைந்து கிடக்கும் ஜனங்களுக்கு ஒரு விளையாட்டு செய்து விற்றால் என்ன என்று யோசித்தார். பகடை முழுக்க அதிர்ஷ்டம். சதுரங்கம் முழுக்க மூளை. இரண்டும் பாதிப் பாதி கலந்து, குறுக்கெழுத்துப் போட்டி போலச் சொற்களை வைத்து ஒன்று செய்ய வேண்டும் என்று தீர்மானித்தார்.

எந்த எழுத்து எத்தனை வேண்டும்? இங்கேதான் அவர் மற்றவர்கள் செய்யாத காரியத்தைச் செய்தார். 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையின் முதல் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தும் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினார். குட்ஸ் ஷெட்டில் மூட்டை எண்ணுகிறவர்கள் நாலு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே போடுவார்களே, அந்த மாதிரி வேலை. கணக்கு இயந்திரம் ஏதும் இல்லை. செய்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சலிப்பு தெரியும்.

எண்ணிக்கை சொன்னதை அவர் அப்படியே ஏற்கவும் இல்லை. ஆங்கிலத்தில் 'எஸ்' அடிக்கடி வரும் எழுத்து. ஆனால் எந்தச் சொல்லின் வாலிலும் அதை ஒட்டவைத்துப் பன்மை ஆக்கிவிடலாமே! ஆட்டம் சப்பென்று போய்விடும். எனவே நாலே நாலு வைத்தார். இன்றைக்கும் தேர்ந்த ஆட்டக்காரர்கள் 'எஸ்' கிடைத்தால் லேசில் இறக்க மாட்டார்கள். ஐ-என்-ஜி மூன்றும் சேர்ந்து வந்தால் வினைச்சொல் தேடுவார்கள். 'கியூ' வந்தால் 'யு' எங்கே என்று பலகையைத் துழாவுவார்கள்.

கதவைத் தட்டினார்

முதலில் அதற்கு லெக்சிகோ என்று பெயர் வைத்தார். பலகை கிடையாது, எழுத்து வில்லைகள் மட்டுமே. 1938-ல் பலகை சேர்த்தார். பக்கத்துக்கு 15 வீதம் 225 கட்டம். கட்டிட வரைபடம் போடும் கருவிகளாலேயே கட்டங்களை வரைந்தார். லேசான பால்சா மரத்தை அறுத்து எழுத்தை ஒட்டினார். பார்க்கர் பிரதர்ஸ், மில்டன் பிராட்லி போன்ற பெரிய கம்பெனிகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டன. அவரோ கட்டிட வரைபட வேலைக்கே திரும்பினார். விளையாட்டு தெரிந்தவர்கள் வட்டத்தோடு நின்றது.

அந்த வட்டத்தில் ஒருவர் ஜேம்ஸ் புரூனோ. 1948-ல் பட்ஸிடம் உரிமை வாங்கி, செட்டுக்கு இத்தனை என்று பங்கு தருவதாக ஒப்புக்கொண்டார். ஸ்கிராபிள் என்று பெயர் சூட்டியவர் இவரே. கையிலுள்ள ஏழு வில்லைகளையும் ஒரே ஆட்டத்தில் இறக்கினால் 50 புள்ளி என்ற விதியும் இவர் சேர்த்ததே. 1949-ல் 2,400 செட் செய்து 450 டாலர் நஷ்டப்பட்டார். பிறகு 1952-ல் நியூயார்க்கின் மேசிஸ் என்ற பெரிய கடையின் தலைவர் விடுமுறையில் ஆடிப் பார்த்துவிட்டு, தம் கடையில் ஏன் இது இல்லை என்று கேட்டதாகச் சொல்வார்கள். சாமான் போதாமல் போயிற்று. 1954-ல் மட்டும் ஏறத்தாழ 40 லட்சம் செட்!

பட்ஸுக்குக் கிடைத்தது செட்டுக்குச் சுமார் மூன்று சென்ட். நூறு சென்ட் ஒரு டாலர். எண்ணி எண்ணிக் கண் பூத்தவருக்கு இவ்வளவுதானா என்று நமக்குத் தோன்றுகிறது. அவர் வழக்காடவில்லை, புலம்பவுமில்லை. வந்த பணத்தில் ஸ்டான்போர்டுவில் என்ற ஊரில் தம் முன்னோர் வீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

வீட்டு ஆட்டத்தில் மனைவியிடம் தோற்பதே அவருக்கு வழக்கம். எழுத்துப் பிழையில்லாமல் எழுத அவருக்கு வராது; அம்மாள் கெட்டி. ஒருமுறை நினா 'குவிக்சாட்டிக்' என்ற எட்டெழுத்துச் சொல்லை வைத்து 284 புள்ளி எடுத்தாராம். கணக்கு சரியாகவே வருகிறது. எழுத்துகளின் மதிப்பு 26. இரண்டு மும்மடங்குக் கட்டங்களைத் தொட்டதால் ஒன்பது மடங்கு, 234. ஏழு வில்லையும் தீர்ந்ததற்கு 50.

நினா 1979-ல் காலமானார். பட்ஸ் 1993 ஏப்ரல் 4-ந் தேதி, 94 வயது நிறைய ஒன்பது நாள் இருக்கையில் கண் மூடினார்.

நியூயார்க் நகரின் ஜாக்சன் ஹைட்ஸ் பகுதியில் ஒரு மாதா கோவில் கூடத்தில்தான் அவர் அக்கம்பக்கத்தாருடன் ஆடிப் பார்த்தது. அந்த முனையிலுள்ள தெருப் பெயர்ப் பலகையில் ஒவ்வொரு எழுத்தின் கீழும் அதன் ஸ்கிராபிள் புள்ளியைப் பொறித்திருந்தார்கள். இடையில் பலகை காணாமல் போயிற்று. 2011-ல் புதிதாக ஒன்று வைத்தார்கள். 'அவென்யூ' என்பதில் 'வி'க்கு 4. மற்ற ஐந்துக்கும் ஒவ்வொன்று.