ஒளிக்கற்றையில் தெரிந்த துகள்

ஒரு குவளை நீரில் இரண்டு மூன்று துளி பாலை விட்டு, இருட்டறையில் கைவிளக்கின் ஒளியை அதனூடே பாய்ச்சிப் பாருங்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் நீர் இளநீலமாகத் தெரியும். விளக்குக்கு எதிர்ப்புறம் நின்று பார்த்தால் வெளிச்சம் சற்றுச் செம்மஞ்சளாகத் தெரியும். நுண்துகள்கள் இவ்வாறு ஒளியைச் சிதறடிப்பதை டிண்டல் விளைவு என்பர்.

ஜான் டிண்டல் 1820ஆம் ஆண்டு அயர்லாந்தில் ஒரு காவலரின் மகனாகப் பிறந்தார். நில அளவைத் துறையில் வரைபடம் வரைந்தார், இங்கிலாந்தில் இருப்புப்பாதைகளுக்கு நிலம் அளந்தார், பின்னர் ஆசிரியரானார். 28ஆம் வயதில், சேமித்த பணத்தை நம்பி ஜெர்மனிக்குப் படிக்கச் சென்றார். 1853இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேராசிரியரானார். அங்கே புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடே அவருக்கு நண்பராகவும் வழிகாட்டியாகவும் அமைந்தார்.

1868இல் டிண்டல் ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயில் சில திரவங்களின் ஆவியை நிரப்பி, அதனுள் வலிமையான ஒளியைப் பாய்ச்சினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. சிறிது நேரத்தில் குழாய்க்குள் வான்நீல நிறத்தில் மெல்லிய முகில் தோன்றியது. துகள்கள் பெரிதாகப் பெரிதாக நீலம் மங்கி, முகில் வெண்மையானது. அத்துகள்களின் அளவைக் காண அன்றைய நுண்ணோக்கியால் இயலவில்லை. நிறமோ அதைக் காட்டிக்கொடுத்தது! ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள், சிவப்பைவிட நீலத்தையே மிகுதியாகச் சிதறடிக்கும். நீல ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். துகள் பெரிதானால் எல்லா நிறங்களும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறும். இதற்கான கணக்கை ரெய்லி பிரபு 1871இல் வகுத்தார். இன்று ஆய்வுக்கூடங்களில் லேசர் ஒளியைக் கலங்கிய திரவத்தில் பாய்ச்சுகிறார்கள். சிறிய துகள் விரைவாக அலையும், பெரியது மெதுவாக அலையும். ஆகவே, சிதறும் ஒளியின் மினுமினுப்பைக் கொண்டே துகளின் அளவைக் கணக்கிடுகிறார்கள்.

அக்காலத்தில், உயிரற்ற சாற்றில் கிருமிகள் தாமாகவே தோன்றும் எனச் சிலர் வாதிட்டனர். டிண்டல் ஒரு பெட்டியின் உட்சுவரில் கிளிசரின் பூசி, தூசு படிந்து ஒட்டிக்கொள்ளும்வரை காத்திருந்தார். ஒளிக்கற்றை உள்ளே தெரியவில்லை என்றால் தூசு இல்லை என்று பொருள். அப்பெட்டிக்குள் கொதிக்கவைத்த சாறு மாதக்கணக்கில் தெளிவாகவே இருந்தது. வெளிக்காற்றில் வைத்ததோ சில நாள்களில் கலங்கியது.

வெற்றி உறுதி என எண்ணியிருந்த வேளையில், 1876இன் இறுதியில் அவருடைய சாறுகளே கலங்கத் தொடங்கின. கொதிக்கவைத்தும் பயனில்லை. தோல்வியை அவர் மறைக்கவில்லை, காரணத்தைத் தேடினார். ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவந்த உலர்ந்த புல்லில், கொதிநீரையும் தாங்கும் நுண்வித்துகள் இருந்தன! சிறிது நேரம் சூடாக்கி, இடைவெளி விட்டு, மீண்டும் மீண்டும் சூடாக்கினார். இடைவெளியில் முளைத்த வித்துகள் அடுத்த சூட்டில் அழிந்தன.

டிண்டல் 1893இல் இறந்தார். வயிற்றுக்கான மருந்து என எண்ணி, மனைவி லூயிசா தூக்க மருந்தைத் தவறுதலாகக் கொடுத்துவிட்டார். அதன்பின் 47 ஆண்டுகள் வாழ்ந்த லூயிசா, கணவரின் கடிதங்களையும் குறிப்பேடுகளையும் திரட்டி வந்தார். அவற்றைக் கொண்டு எழுதப்பட்ட வாழ்க்கை வரலாறு 1945இல்தான் வெளிவந்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.