மூலிகை விற்ற காசில் தமிழிசையை தேடிய தஞ்சை பண்டிதர்

தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் ரோடு என்றால் ஆட்டோக்காரர்களுக்கு வழி சொல்லவே வேண்டாம். ஆனா அந்த பண்டிதர் யாருன்னு கேட்டா பாதி பேர் முழிப்பாங்க. வாத்தியாராக ஊருக்கு வந்து, மருந்து வியாபாரியாகி, விவசாயத்திலும் ஜெயித்து, சம்பாதித்ததை எல்லாம் இசைக்காக கொட்டியவர் அவர்.

தென்காசி பக்கம் சாம்பவர் வடகரையில் 1859-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந்தேதி கிறிஸ்தவ குடும்பத்தில் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி படித்தார். வயலின், போட்டோ பிடிப்பது என்று கண்ணில் பட்டதை எல்லாம் கற்றுக்கொண்டார். சுருளி மலையில் கருணானந்தர் என்ற முனிவரை சந்தித்து சித்த வைத்தியமும் கற்றார்.

வேலையை உதறினார்

1882-ல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். மறு வருடம் கணவன், மனைவி இருவருக்கும் தஞ்சை பெண்கள் பள்ளியில் வேலை கிடைத்தது. மாசம் பிறந்தா சம்பளம். ஆனால் 1890-ல் இருவரும் அந்த வேலையை விட்டுவிட்டு மருந்து தயாரிப்பில் இறங்கினார்கள். துணிச்சல் வீண்போகவில்லை. அவரது சஞ்சீவி மருந்துகள் கடல் கடந்தும் விற்பனையாகின.

100 ஏக்கர் தோட்டம்

மருந்துக்கு மூலிகை வேண்டுமே! ஊருக்கு வெளியே சுமார் 100 ஏக்கர் நிலம் வாங்கினார். குருவின் நினைவாக கருணானந்தபுரம் என்று பெயர் வைத்தார். ஊர் ஜனங்களுக்கோ அது பண்டிதர் தோட்டம். மூலிகையோடு கரும்பும் விளைந்தது. புதுப்புது முறைகளை சோதித்துப் பார்த்தார். அவரது விளைச்சல் விவசாய கண்காட்சிகளில் பரிசு வாங்கியது. சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் லாலியே நேரில் வந்து தோட்டத்தை சுற்றிப் பார்த்தார். 1909-ல் அரசு ராவ்சாகிப் பட்டம் கொடுத்தது.

வேறு யாராக இருந்தாலும் இதோடு காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பண்டிதருக்கு மனசு ஆறவில்லை. கிறிஸ்தவ பாடல்களை கர்நாடக ராகத்தில் எழுதிவந்த அவருக்கு, இந்த இசையின் வேர் எது என்ற கேள்வி குடைந்தது.

சொந்த செலவில் மாநாடு

1912-ல் தஞ்சையில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை தொடங்கினார். வித்வான்களை வரவழைத்து, சொந்த செலவில் மாநாடுகள் நடத்தினார். ஒரு ஸ்தாயியில் 22 சுருதி என்பது பழைய நூல்களின் கணக்கு. இல்லை, 24 என்றார் இவர். சிலப்பதிகாரத்தில் உள்ள இசை குறிப்புகளை ஆதாரமாக காட்டினார். பண்டிதர்கள் பலர் ஒத்துக்கொள்ளவில்லை. விவாதம் சூடு பறந்தது.

அவர் சளைக்கவில்லை. 1916-ல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்கே போனார். மகள் மரகதவல்லியும் கூட சென்றார். வாயால் சொன்னதோடு விடாமல், வீணையில் வாசித்தும் கணக்கை விளக்கினார்கள்.

மறு வருடம் கருணாமிர்த சாகரம் என்ற இசை நூல் வெளிவந்தது. 1,300 பக்கத்துக்கு மேல்! அதை அச்சடித்ததும் அவரே வைத்திருந்த அச்சகம்தான். மின்சாரத்தில் ஓடிய அந்த அச்சகத்துக்கு கவர்னர் லாலியின் பெயரை வைத்திருந்தார்.

மகள் முடித்த வேலை

நூலின் இரண்டாம் பாகம் வெளிவருவதற்குள், 1919-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந்தேதி பண்டிதர் காலமானார். வயது 60. அப்பா விட்ட வேலையை மரகதவல்லி விடவில்லை. 27 வருடம் கழித்து, 1946-ல் இரண்டாம் பாகத்தை வெளியிட்டார்.

சுருதி 22-ஆ, 24-ஆ என்ற சண்டை ஒருபுறம் இருக்கட்டும். சிலப்பதிகாரத்தை இசை நூலாகவும் படிக்கணும் என்று தமிழிசை ஆய்வாளர்களுக்கு வழி காட்டியவர், தஞ்சை மண்ணில் மூலிகையும் கரும்பும் பயிரிட்ட இந்த மனுஷன்தான்.