தாமஸ் மிட்ஜ்லி

தாமஸ் மிட்ஜ்லி (மே 18, 1889 – நவம்பர் 2, 1944) ஓர் அமெரிக்கப் பொறியியலாளரும் வேதியியலாளரும் ஆவார். பெட்ரோலில் ஈயம் கலக்கும் முறையைக் கண்டறிந்தவர் இவரே. எஞ்சின் வால்வுகள் பழுதடையும் விதத்தையே இக்கண்டுபிடிப்பு மாற்றியது.

வாழ்க்கை

பென்சில்வேனியா மாநிலத்தின் பீவர் ஃபால்சில் பிறந்த மிட்ஜ்லி, 1911 இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். 1916 முதல் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங்கின் ஆய்வகத்தில் பணியாற்றினார். எரிபொருள் முறையின்றி வெடிப்பதால் எஞ்சினில் எழும் இடிப்பைத் தடுப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. பல பொருள்களைச் சோதித்தபின், 1921 டிசம்பரில் டெட்ராஎத்தில் ஈயம் அதற்கு உதவுவதைக் கண்டார்.

ஈயமும் வால்வும்

இடிப்பு நின்றது, வேறு சிக்கல் எழுந்தது. எரிந்தபின் எஞ்சிய ஈய ஆக்சைடு, வெளியேற்று வால்விலும் தீப்பொறிச் செருகியிலும் கெட்டியாகப் படிந்தது. படிவு இருந்தால் வால்வு சரியாக மூடாது. சூடான வளிமம் கசிந்து அதன் விளிம்பை எரித்துவிடும். எத்திலீன் டைபுரோமைடைச் சேர்த்து, ஈயத்தை ஆவியாகும் சேர்மமாக மாற்றி, புகையுடன் வெளியேறச் செய்தனர். வால்வு தூய்மையானது, காற்று மாசடைந்தது.

ஈயம் நஞ்சு என்பது அக்காலத்திலும் அறியப்பட்டதே. 1923 தொடக்கத்தில் மிட்ஜ்லியே ஈய நஞ்சால் நோயுற்று ஓய்வெடுக்க நேர்ந்தது. 1924 அக்டோபரில் நியூ செர்சியின் பேவே ஆலையில் தொழிலாளர் ஐவர் இறந்தனர். அதே மாதம் 30 ஆம் நாள் செய்தியாளர் முன் அவர் அத்திரவத்தைக் கைகளில் ஊற்றி, அதன் ஆவியை முகர்ந்தும் காட்டினார். தாமே அந்நஞ்சால் துன்புற்றவர் இவ்வாறு செய்தது வியப்புக்குரியது.

பின்னர் குளிர்பதனப் பெட்டிகளுக்கான ஃபிரியானை உருவாக்கிய குழுவுக்கும் தலைமை தாங்கினார். 1940 இல் இளம்பிள்ளை வாதத்தால் நடக்க இயலாதவரானார். படுக்கையிலிருந்து எழுவதற்குத் தாம் வடிவமைத்த கயிற்றுக் கப்பி அமைப்பில் சிக்கி 1944 இல் இறந்தார்.

ஈயம் நீங்கியபின்

ஈயப் படிவின் மெல்லிய படலம், வால்வு அமரும் வார்ப்பிரும்பு இருக்கைக்குக் காப்பாகவும் இருந்தது. ஈயமற்ற பெட்ரோல் வந்தபோது, கடுமையாக உழைத்த பழைய எஞ்சின்களில் இருக்கை தேய்ந்து வால்வு உள்ளிறங்கியது. அரைபசை கொண்டு தேய்த்துப் பொருத்துவது இதற்குப் போதாது. இருக்கையைக் குடைந்தெடுத்துக் கடின உலோக வளையம் பதிக்க வேண்டும். புல்வெட்டி எந்திரம் போன்ற சிறு எஞ்சின்களுக்கோ ஈயம் நீங்கியது பெரும்பாலும் நன்மையே. வால்வைச் சுற்றிய படிவைச் சுரண்டும் வேலை குறைந்தது.

சாலை ஊர்திகளுக்கான ஈயப் பெட்ரோல் விற்பனையைக் கடைசியாக 2021 சூலையில் அல்சீரியா நிறுத்தியது.