தாய்மண்ணைத் தேடிய குரல்

பிறந்து 18 நாள்களே ஆன பெண் குழந்தையொன்று தாயுடன் சிறை சென்றது. வறுமையின் காரணமாகத் தானிய மது காய்ச்சி விற்றதே அத்தாய் செய்த குற்றம். தண்டத்தொகை செலுத்த வழியின்மையால் ஆறு திங்கள் சிறைவாசம் வாய்த்தது. அக்குழந்தையே பின்னாளில் ‘ஆப்பிரிக்கத் தாய்’ என்று உலகம் போற்றிய மிரியம் மகேபா.

தென்னாப்பிரிக்காவின் ஜோகனஸ்பர்க் நகரில் 1932 மார்ச் 4இல் மகேபா பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். தாய் பிறர் வீடுகளில் பணிசெய்து பிள்ளைகளை வளர்த்தார். பள்ளிப் பாடற்குழுவில் மகேபாவின் குரல் தழைத்தது. முன்னோரின் நாட்டுப்பாடல்கள் ஒருபுறமும், இசைத்தட்டுகளின் வழியே வந்த அமெரிக்க ஜாஸ் இசை மறுபுறமும் அவரை ஈர்த்தன. 1950களில் ‘மன்ஹாட்டன் பிரதர்ஸ்’, ‘ஸ்கைலார்க்ஸ்’ ஆகிய குழுக்களில் பாடியபோது, இவ்விரண்டையும் இணைத்த தனிப்பாணி அவருக்கு வசமாயிற்று. நாக்கைச் சொடுக்கி ஒலிக்கும் ஷோசா மொழியின் தனித்தன்மையை அவர் வழியாகவே மேலைநாட்டார் பலர் முதன்முதலில் கேட்டனர்.

1948 முதல் நிறவெறி அங்கே அரசின் கொள்கையாக இருந்தது. கருப்பின மக்கள் வாழுமிடமும் செல்லும் வழியும்கூடச் சட்டத்தால் வரையறுக்கப்பட்டன. அவ்வாழ்வைக் காட்டிய ‘கம் பேக் ஆப்பிரிக்கா’ என்னும் திரைப்படத்தில் மகேபா பாடித் தோன்றினார். 1959இல் அப்படம் வெனிஸ் திரைவிழாவில் இடம்பெற்றது. மகள் போங்கியைத் தாயிடம் ஒப்படைத்துவிட்டு அயல்நாடு சென்ற மகேபா, பாடகர் ஹாரி பெலஃபான்டேயின் துணையோடு அமெரிக்காவில் புகழ்பெற்றார்.

1960இல் தாய் இறந்த செய்தி வந்தது. இறுதிச்சடங்கிற்குப் புறப்பட முனைந்தபோதுதான் தம் கடவுச்சீட்டு செல்லாததாக்கப்பட்டதை அறிந்தார். பெற்ற தாயின் முகத்தை இறுதியாகக் காணவும் அவருக்கு இசைவு கிட்டவில்லை. அவ்வாண்டில்தான் ஷார்ப்வில் நகரில் காவலர் சுட்டு 69 பேர் மாண்டனர். மகள் அமெரிக்கா வந்து சேர்ந்தாள்; தாய்நாடோ தொலைவிலேயே நின்றது.

பாடுவதோடு அமைந்திருந்தால் அவர் வாழ்வு அமைதியாகக் கழிந்திருக்கும். ஆனால், 1963இல் ஐக்கிய நாடுகள் அவையின் நிறவெறி எதிர்ப்புக் குழுவின்முன் சான்று கூறினார்; தென்னாப்பிரிக்க அரசுக்குப் படைக்கலம் வழங்கலாகாது என்று வேண்டினார். அதன் விளைவாக அவருடைய குடியுரிமை பறிக்கப்பட்டது. பாடல்கள் தாய்நாட்டில் தடைசெய்யப்பட்டன. 1966இல் பெலஃபான்டேயுடன் இணைந்து கிராமி விருது பெற்றார். 1967இல் ‘பாட்டா பாட்டா’ உலகெங்கும் ஒலித்தது. அடுத்த ஆண்டே கருப்பின உரிமைப் போராளி ஸ்டோக்லி கார்மைக்கேலை மணந்தார். அமெரிக்காவில் அவருடைய நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நீக்கப்பட்டன. வருவாயையும் புகழையும் விடுத்துக் கினி நாட்டில் குடியேறிய அவர், அந்நாட்டின் சார்பாளராக ஐக்கிய நாடுகள் அவையிலும் பேசினார்.

மகள் போங்கியும் பாடல் புனையும் ஆற்றல் வாய்ந்தவர். மகள் எழுதியதைத் தாய் பாடினார். 1985இல் மகப்பேற்றின்போது போங்கி உயிர்நீத்தார். அயல்மண்ணில் மகளை அடக்கம் செய்த மகேபா, பேரப்பிள்ளைகளைத் தாமே பேணினார். துயரம் அவரை வாட்டியது. எனினும், பாட்டும் போராட்டமும் ஓயவில்லை. 1986இல் டாக் ஹாமர்ஷீல்டு அமைதிப் பரிசு அவரை அடைந்தது.

1990இல் நெல்சன் மண்டேலா விடுதலையானபின், 31 ஆண்டுகளுக்குப் பிறகு மகேபா தாய்நாடு திரும்பினார். ஆதரவற்ற சிறுமியருக்கு இல்லம் அமைத்தார். உலக உணவு, வேளாண்மை அமைப்பின் நல்லெண்ணத் தூதராகவும் தொண்டாற்றினார்.

2008 நவம்பர் 9 இரவு, இத்தாலியில் குற்றக்கும்பல்களை எதிர்த்து எழுதிய எழுத்தாளர் ராபர்ட்டோ சவியானோவுக்கு ஆதரவாக நடந்த நிகழ்ச்சியில், 76 வயது மகேபா பாடினார். ‘பாட்டா பாட்டா’ பாடி முடித்தபின் உடல் தளர்ந்து வீழ்ந்தார், உயிர் பிரிந்தது. நாடு பறிக்கப்பட்டபோதும் அவர் தம் மொழியையும் மக்களையும் பாட்டில் சுமந்து சென்றார். அவர் குரலைத் தடைசெய்த சட்டங்கள் மறைந்தன, அக்குரல் நிலைத்தது.