ராஜா தேசிங்கும் பாராசாரியும்: குதிரைக்குப் பேர்போன செஞ்சியில் ஒரு குதிரை இனம் ஏன் உருவாகவில்லை?

செஞ்சி என்றாலே கோட்டை. கோட்டை என்றாலே ராஜா தேசிங்கு. தேசிங்கு என்றாலே குதிரை. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த பிறகு, ராஜகிரி படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறும் கூட்டம் கேட்கும் முதல் கதையும் அதுதான்.

ஆனால் அந்தக் கதைக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. இவ்வளவு பெரிய குதிரை வீரன் ஆண்ட மண்ணில், அவன் பேரைச் சொல்ல ஒரு குதிரை இனம் கூட ஏன் மிஞ்சவில்லை? யார் இந்த தேசிங்கு, அவர் குதிரை எங்கிருந்து வந்தது, அதற்கும் இன்றைய மரபியலுக்கும் என்ன சம்பந்தம்? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த தேசிங்கு?

உண்மைப் பெயர் தேஜ் சிங். தமிழர் வாயில் அது தேசிங்கு ஆகிவிட்டது. பூர்வீகம் பந்தேல்கண்ட். அதாவது இன்றைய மத்தியப் பிரதேசமும் உத்தரப் பிரதேசமும் சேரும் பகுதி. பந்தேலா ராஜபுத்திரர் குடும்பம்.

1677-ல் சிவாஜி கைப்பற்றிய செஞ்சியை, பல ஆண்டு முற்றுகைக்குப் பிறகு 1698-ல் முகலாயப் படை பிடித்தது. அதன்பின் 1700-ல் தேசிங்கின் தந்தை சொரூப் சிங்கிடம் கோட்டைப் பொறுப்பை ஒப்படைத்தார் ஔரங்கசீப். ஆற்காடு நவாப் வழியாக முகலாயருக்குப் போக வேண்டிய பணம் வருஷா வருஷம் பாக்கி விழுந்தது. 1714-ல் சொரூப் சிங் இறந்தார். வடக்கே இருந்து மகன் தேசிங்கு வந்து கோட்டையை ஏற்றார். அப்போது அவருக்கு வயது 22 தான் என்பார்கள்.

கோட்டையோடு சேர்த்து பாக்கியும் அவர் தலையில் விழுந்தது. கோட்டை ஔரங்கசீப் கொடுத்த உரிமை, அது பரம்பரைச் சொத்து என்பது தேசிங்கின் வாதம். புதிய பாதுஷாவின் ஒப்புதல் இல்லாமல் அது செல்லாது, பாக்கியையும் கட்ட வேண்டும் என்பது நவாப் சாதத்துல்லா கானின் நிலை. பேச்சு முறிந்தது. ஆட்சிக்கு வந்த அதே வருஷம் போர்.

பாராசாரி எங்கிருந்து வந்தது?

வரலாற்று ஆவணங்கள் இவ்வளவுதான் சொல்கின்றன. மீதியை மக்கள் பாடி நிரப்பிவிட்டார்கள். தேசிங்குராஜன் கதைப்பாடலில் தந்தையின் பெயரே வேறு, தேரணிசிங். டெல்லி பாதுஷாவிடம் யாருக்கும் அடங்காத பாராசாரி என்ற குதிரை இருக்கிறது. அதை அடக்கப் போன தந்தை தோற்றுச் சிறைப்படுகிறார். பதின்வயதில் டெல்லிக்குப் போகும் தேசிங்கு, அதை அடக்கி, தந்தையை மீட்டு, ராணிபாயை மணந்து, குதிரையோடு ஊர் திரும்புகிறார்.

பலரும் தேசிங்கின் குதிரை நீலவேணி என்று நினைப்பதுண்டு. பாடலின்படி அது அவரது உயிர் நண்பர் மகமத்கானின் குதிரை. தேசிங்குக்கு பாராசாரி, மகமத்கானுக்கு நீலவேணி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பாட்டிலும் சரி, வரலாற்றிலும் சரி, நல்ல குதிரை செஞ்சியில் பிறக்கவில்லை. அது வெளியிலிருந்துதான் வர வேண்டியிருந்தது.

தமிழகம் ஏன் குதிரையை இறக்குமதி செய்தே வாழ்ந்தது?

காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே குதிரை வந்ததைப் பட்டினப்பாலையே சொல்கிறது. பாண்டிய மன்னன் கொடுத்த பணத்தோடு குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகர், அதைக் கோயிலுக்குச் செலவழித்ததும், நரி பரியானதும் ஊரறிந்த திருவிளையாடல். குதிரை வாங்க அரசாங்கக் கஜானாவே திறக்கும் என்பதுதான் அந்தக் கதையின் அடிப்படை.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்கோ போலோ, பாண்டிய அரசன் ஆண்டுக்கு 2,000-க்கும் மேல் குதிரை வாங்குவதாகவும், வருஷ முடிவில் 100 கூட மிஞ்சாது என்றும் எழுதினார். எண்ணிக்கை கொஞ்சம் மிகையாக இருக்கலாம். ஆனால் காரணங்கள் யோசிக்க வைக்கின்றன. குதிரைக்குச் சோறும் இறைச்சியும் வேகவைத்துக் கொடுத்தார்கள். வைத்தியம் தெரிந்தவர்கள் இல்லை. நல்ல பொலிக்குதிரையோடு நல்ல பெட்டையைச் சேர்த்தாலும், கால் கோணிய, சவாரிக்கு உதவாத குட்டிதான் பிறந்தது என்றும் அவர் குறிப்பிடுகிறார்.

பாரசீக எழுத்தாளர் வஸ்ஸாஃபின் கணக்குப்படி, ஒரே வணிகர் ஆண்டுக்கு 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்பினார். தலைக்கு 220 தினார் பொன். வழியில் கடலில் செத்த குதிரைக்கும் காசு உண்டு. பிற்பாடு விஜயநகரத்தில், செத்த குதிரையின் வாலைக் காட்டினாலே பணம் கிடைத்தது என்று போர்த்துகீசியரான நூனிஸ் பதிவு செய்திருக்கிறார். செஞ்சி நாயக்கர்கள் அந்த விஜயநகரத்தின் கீழ் இருந்தவர்கள்தான்.

பனமலையில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய கோயில் 1,300 ஆண்டுகளாக நிற்கிறது. அதே செஞ்சி வட்டாரத்தில் ஒரு குதிரைப் பரம்பரை நூறு ஆண்டு கூட நிற்கவில்லை. கல்லை இங்கேயே வெட்டினார்கள். குதிரையைக் கப்பலில் இறக்கினார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

வெப்பம், ஈரம், மேய்ச்சல் புல் குறைவு, நோய் எல்லாம் காரணம். அதோடு இன்னொன்றும் உண்டு. விற்பவர்கள் ஆண் குதிரைகளை அனுப்பி, பெட்டைகளைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்கள் பலர் சொல்லும் காரணம். பெட்டை இல்லாமல் இனம் ஏது?

இதே காலத்தில் இங்கிலாந்தில் என்ன நடந்தது?

1704-ல், தேசிங்கு செஞ்சிக்கு வருவதற்குப் பத்து வருஷம் முன்பு, சிரியாவின் அலெப்போவிலிருந்து ஒரு அரபுக் குதிரை இங்கிலாந்து போனது. பெயர் டார்லி அரேபியன். அங்கே பெட்டைகள் இருந்தன. எது எதற்குப் பிறந்தது என்று எழுதிவைக்கும் பழக்கமும் வளர்ந்தது. இன்று கிண்டியில் ஓடும் பந்தயக் குதிரை உட்பட, உலகின் தரோபிரெட் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவற்றின் தந்தைவழி அந்த ஒரே குதிரையில் போய் முடிகிறது.

அங்கே ஒரு குதிரை வந்து உலகையே நிரப்பியது. இங்கே பாராசாரிக்கு ஒரு குட்டி இருந்ததாகப் பாட்டு கூடச் சொல்லவில்லை.

அப்போ ஒரே குதிரையை வைத்துப் பெருக்கினால் போதுமா?

போதாது. அங்கேதான் ஆபத்தே.

இங்கிலாந்தில் ஏர் உழவும் பாரம் இழுக்கவும் வளர்த்த சஃபோக் பஞ்ச் என்ற பெரிய ரகக் குதிரை உண்டு. இன்று உயிரோடிருக்கும் சஃபோக் எல்லாவற்றின் தந்தைவழியும் 1768-ல் பிறந்த ஒரே ஆண் குதிரைக்குப் போகிறது. டிராக்டர் வந்ததும் இதற்கு வேலை போனது. 1966-ல் அந்த இனத்தில் பதிவான குட்டிகள் வெறும் 9. நெதர்லாந்தின் கறுப்பு நிற ஃப்ரீசியன் இனம் 1913 வாக்கில் 3 பொலிக்குதிரைகளில் வந்து நின்றது. எண்ணிக்கை பிறகு ஏறினாலும், குள்ளத்தன்மை, தலையில் நீர் கோர்ப்பது போன்ற பிறவிக் குறைகள் அந்த இனத்தை இன்னும் விடவில்லை.

காரணம் எளிமையான கணக்கு. ஒரு ஊரில் 50 பெட்டைகள், 1 பொலிக்குதிரை என்று வைத்துக்கொள்வோம். தலையை எண்ணினால் 51. ஆனால் அடுத்த தலைமுறையில் பிறக்கும் எல்லாக் குட்டிக்கும் அப்பா ஒருவரே. அதனால் மரபியல் கணக்கில் அது சுமார் 4 குதிரைகளுக்குத்தான் சமம்.

- 50 பெட்டை, 1 ஆண்: கணக்கில் 4
- 50 பெட்டை, 5 ஆண்: கணக்கில் 18
- 25 பெட்டை, 25 ஆண்: கணக்கில் 50

மொத்தம் குறைந்தாலும் கடைசி வரிசைதான் பாதுகாப்பானது. இந்த எண் 50-க்குக் கீழே போகக் கூடாது என்பது ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் வழிகாட்டுதல். 50 இருந்தால் ஒரு தலைமுறைக்கு உள்ளினச் சேர்க்கை 1% கூடும். 4 என்றால் ஏறத்தாழ 13% கூடும்.

நம்ம ஊர் மொழியில் சொன்னால், மாமன் மகளும் அத்தை மகனும் மணந்து பிறக்கும் குழந்தைக்கு இந்த அளவு 6.25%. ஒரே அப்பா, வேறு வேறு அம்மாவுக்குப் பிறந்த குதிரைகள் சேர்ந்தால் 12.5%. அப்பாவும் மகளும் சேர்ந்தால் 25%. மறைந்திருக்கும் கெட்ட மரபணு இரு பக்கமும் சேர்ந்து வெளியே வர இதுதான் வழி. பெல்ஜியத்தின் பாரக் குதிரைகளில், தோல் உரிந்தபடி பிறந்து சில நாளில் இறக்கும் குட்டிகள் இப்படித்தான் வந்தன. பெற்றோர் இருவரும் அந்த மரபணுவைச் சுமந்தால், நான்கில் ஒரு குட்டிக்கு அந்தக் கதி.

1714 அக்டோபர் 3: என்ன நடந்தது?

நவாப் படையில் குதிரை வீரர்கள் மட்டும் 18,000 பேர், தேசிங்கிடம் சுமார் 350 பேர் என்று சொல்லப்படுகிறது. வழுதாவூரில் கல்யாணக் கோலத்தில் இருந்த மகமத்கான், செய்தி வந்ததும் பாதியில் எழுந்து நீலவேணியில் ஏறி வந்தார் என்கிறது பாட்டு. சிங்கவரம் ரங்கநாதரிடம் உத்தரவு கேட்கப் போனபோது, போக வேண்டாம் என்பதுபோல் சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பதும் மக்கள் நம்பிக்கை.

தேசிங்கு நிற்கவில்லை. சங்கராபரணி ஆற்றில் வெள்ளம். படையில் பாதி கடக்க முடியவில்லை. கடந்த சிலரோடு எதிரியின் யானைப் படைக்கு நேராகவே பாய்ந்தார். முதலில் மகமத்கான் விழுந்தார். பிறகு தேசிங்கு. எப்படி விழுந்தார் என்பது கதைக்குக் கதை மாறும். விழுந்தது மட்டும் மாறாது.

கோட்டைக்கு அடியில் செட்டிக்குளம் கரையில் அவரது உடல் எரிந்தது. இளம் மனைவியும் தீயில் இறங்கினார். அவர் நினைவாகவே ராணிப்பேட்டை என்ற பெயர் வந்தது என்பது வழிவழிச் செய்தி. இந்து வீரனும் முஸ்லிம் நண்பனும் சேர்ந்து மடிந்த கதை என்பதால் இரு சமூகத்தாரும் இன்றும் உரிமையோடு சொல்கிறார்கள். 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்த படம் அதை இன்னும் பரப்பியது.

350 பேருக்கு எதிராக ஆயிரக்கணக்கான குதிரைகள். வீரத்தில் குறை இல்லை. ஆனால் விழுந்த ஒவ்வொரு குதிரைக்கும் மாற்றுக் குதிரை வெளியூரிலிருந்து வர வேண்டிய நிலையில், சிறிய கோட்டை ஒன்று எத்தனை நாள் தாங்கியிருக்கும்?

இன்று இது ஏன் முக்கியம்?

2012 கணக்கெடுப்பில் இந்தியாவில் 6 லட்சத்துக்கும் மேல் இருந்த குதிரைகள், 2019-ல் சுமார் 3.4 லட்சமாகச் சரிந்தன. கிட்டத்தட்ட பாதி! மார்வாரி, கத்தியவாரி, ஸ்பிதி, ஸன்ஸ்காரி, மணிப்பூரி என்று பதிவு பெற்ற இனங்களில் தமிழகத்தின் பெயரில் ஒன்று கூட இல்லை. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் கூடும் குதிரைச் சந்தையில் நிற்கும் மார்வாரியும் கத்தியவாரியும் வடக்கத்தி ரத்தம்தான்.

அங்கே சுழி பார்த்து வாங்கும் வழக்கமும் இருக்கிறது. ஒரு சுழி ராசி, இன்னொரு சுழி ஆகாது. வாங்குபவருக்கு அது நம்பிக்கை. ஆனால் ஆரோக்கியமான பெட்டையைச் சுழிக்காக ஒதுக்கும்போது, அதன் மரபணுவும் சேர்ந்து கூட்டத்தை விட்டு வெளியேறுகிறது. வெள்ளைக் குதிரைக்கு மட்டும் விலை ஏறும்போதும் இதே கதைதான்.

என்ன செய்யலாம்? உலகம் முழுக்கக் கடைப்பிடிக்கும் வழிகள் இவை:

- ஒவ்வொரு குட்டிக்கும் பெற்றோர் யார் என்று டி.என்.ஏ. பரிசோதனையோடு பதிவேடு வைப்பது
- பரிசு வாங்கிய ஒரே பொலிக்குதிரையின் பின்னால் எல்லோரும் ஓடாமல், ஒன்றுக்கு இத்தனை பெட்டைதான் என்று வரம்பு வைப்பது
- சேர்க்கைக்கு முன் இரு பக்க வம்சாவளியையும் ஒப்பிட்டு, உறவு குறைந்த ஜோடியைத் தேர்வது
- கெட்ட மரபணு சுமக்கும் குதிரையைக் கொல்லாமல், அதே மரபணு இல்லாத ஜோடியோடு மட்டும் சேர்ப்பது
- விந்து, கருவை உறையவைத்துப் பாதுகாப்பது

கடைசி வழியில் இந்தியாவும் இறங்கியிருக்கிறது. தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தின் பிகானேர் நிலையத்தில், 2023-ல் வாடகைத் தாய் முறையில் முதல் மார்வாரி குட்டி பிறந்தது. பெயர் ராஜ்-பிரதமா.

மாட்டில் இந்த அறிவு தமிழனுக்குப் புதுசு இல்லை. கோயில் காளையை ஊர்ப்பொதுவாக வளர்த்துப் பொலிக்கு விட்டதும், காங்கேயம் காளையைப் பட்டக்காரர் தொழுவத்தில் தேர்ந்தெடுத்து வளர்த்ததும் நம்ம ஆட்கள்தான். அதனால்தான் காங்கேயம் இன்றும் இருக்கிறது. குதிரைக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை.

தேசிங்கு ஒரு வருஷம் கூட முழுசாக ஆளவில்லை. 300 ஆண்டு தாண்டியும் பேர் நிற்கிறது. பாராசாரிக்கும் நீலவேணிக்கும் பாட்டில் மட்டும்தான் இடம். இன்று நம்மிடம் மிஞ்சியிருக்கும் இனங்களுக்கும் அதே கதி வரக் கூடாது என்றால், அழகான குதிரையைத் தேடுவதோடு நின்றுவிடாமல், அதன் அப்பா யார், அம்மா யார் என்று எழுதிவைக்கவும் ஆரம்பிக்க வேண்டும்.