பசேனதி மன்னனின் உணவளவு

பகவான் புத்தருடைய காலத்தே வாழ்ந்த அரசர்களுள் கோசல நாட்டு மன்னன் பசேனதியைப் போல் நம் நூல்களில் அடிக்கடி காணப்படுபவர் வேறெவரும் இலர். சம்யுத்த நிகாயத்தில் ஒரு பகுதி முழுவதும் அவன் நாட்டின் பெயரால் கோசல சம்யுத்தம் என்றே வழங்குகின்றது. வடமொழி நூல்கள் இவனைப் பிரசேனஜித் என்று அழைக்கும். இவன் பேரறிஞனுமல்லன், துறவியுமல்லன். போரில் தோற்றும் வென்றும், மனைவியிடம் கோபித்தும் கொஞ்சியும், வயிறு நிறைய உண்டும், செய்த பிழைக்கு வருந்தியும் வாழ்ந்த இல்லறத்தான். ஆதலினாலேயே இவனுடைய வரலாறு நம்மனோர்க்கு மிகவும் அணுக்கமானதாக இருக்கின்றது.

இளமை

பசேனதி மகாகோசலன் என்னும் அரசனுடைய மைந்தன். இளமையில் தட்சசீலம் சென்று கல்வி பயின்றான். வைசாலி லிச்சவிகளுள் மகாலி என்பானும், குசிநாரா மல்லர்களுள் பந்துலன் என்பானும் ஆங்கு அவனுடன் பயின்ற தோழர்கள். கல்வி முற்றித் திரும்பிய மகனுடைய திறமையைக் கண்டு மகிழ்ந்த தந்தை அவனுக்கு முடிசூட்டினான். தலைநகராகிய சிராவஸ்தி அந்நாளில் வாணிபத்தாலும் செல்வத்தாலும் சிறந்து விளங்கிற்று. அதன் இடிபாடுகள் இன்று உத்தரப் பிரதேசத்தில் சாஹேத்-மாஹேத் என்னும் இடத்தில் உள்ளன. அனாதபிண்டிகன் என்னும் வணிகன் பகவானுக்கு அளித்த ஜேதவனம் அந்நகரை அடுத்தே இருந்தது.

முதன்முதல் பகவானைக் கண்டபோது பசேனதி பணிவுடன் செல்லவில்லை. வயதில் முதிர்ந்த ஆசிரியர்களே முழு ஞானம் எய்தியதாகக் கூறிக்கொள்ளத் தயங்கும்போது, இளைஞரான கோதமர் எங்ஙனம் அவ்வாறு கூறலாம் என்று வினவினான். அரசகுமாரன், பாம்பு, நெருப்பு, பிக்கு ஆகிய நான்கினையும் இளமை கருதி இகழலாகாது என்று பகவான் விளக்கினார். அன்று முதல் அவன் உபாசகனானான். இருவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது.

மல்லிகையும் மாவுணவும்

மகதத்து அரசன் பிம்பிசாரனுக்குப் பசேனதியின் தங்கை கோசலதேவி மணம் செய்விக்கப் பெற்றிருந்தாள். காசி நாட்டுச் சிற்றூர் ஒன்று சீதனமாகக் கொடுக்கப்பட்டிருந்தது. அஜாதசத்துரு தன் தந்தையாகிய பிம்பிசாரனைக் கொன்றபின், கோசலதேவி துயரத்தால் உயிர் நீத்தாள். தந்தையைக் கொன்றவனுக்குத் தன் குலத்துச் சீதனம் எதற்கு என்று பசேனதி அவ்வூரைத் திரும்பப் பற்றிக்கொண்டான். மாமனுக்கும் மருகனுக்கும் போர் மூண்டது.

அப்போர்களுள் ஒன்றில் தோற்று, உள்ளமும் உடலும் சோர்ந்து திரும்பிய நாளில், ஒரு பூந்தோட்டத்தில் மாலைகட்டுவோன் மகள் மல்லிகையைக் கண்டான். அவள் அன்று காலைதான் தன் உணவுக்கென வைத்திருந்த எளிய மாவுருண்டைகளைப் பகவானுடைய பாத்திரத்தில் இட்டு வணங்கியிருந்தாள். அவளுடைய பரிவான சொற்களில் தோல்வியின் துயரை மறந்த மன்னன், அவளையே பட்டத்தரசியாக்கினான். பின்னாளில் அவள் பெண்மகவு ஈன்றாள் என்ற செய்தி கேட்டு அவன் முகம் வாடியபோது, அறிவும் ஒழுக்கமும் உடைய பெண் ஆணினும் மேம்படக்கூடும் என்று பகவான் அவனைத் தெளிவித்தார்.

துரோண அளவுச் சோறு

இம்மன்னனுக்கு உணவின்மேல் பெருவிருப்பம் இருந்தது. அவன் நாடோறும் ஒரு துரோணம் அரிசிச் சோற்றினை அதற்கேற்ற குழம்பு கறிகளுடன் உண்டான் என்று நூல்கள் கூறும். பண்டைய அளவை வாய்பாட்டில் ஒரு துரோணம் என்பது 16 நாழி. இஃது ஓரளவு மிகைபடக் கூறியதெனினும், அவன் பசியின் எல்லையைக் கடந்து உண்டான் என்பதில் ஐயமில்லை.

ஒருநாள் உணவு முடிந்து, மூச்சு வாங்க, ஜேதவனம் சென்றான். பகவானை வணங்கி ஒருபால் அமர்ந்தான், அமரவும் இயலவில்லை, படுக்கவும் கூசினான். உறக்கத்தால் உடல் இப்பக்கமும் அப்பக்கமும் சாய்ந்தது. சற்று இளைப்பாறாமல் வந்தனையோ என்று பகவான் வினவ, உண்டபின் தனக்கு என்றும் இத்துன்பமே என்று மன்னன் ஒப்புக்கொண்டான்.

பகவான் அவனை எள்ளவில்லை. உண்ணாநோன்பு ஏற்கும்படியும் கூறவில்லை. உருவேலாவில் ஆறாண்டுகள் உடலை வருத்தி, எலும்பும் தோலுமாகி, அவ்வழியால் பயனில்லை எனக் கண்டு, மீண்டும் உணவு கொண்டவரல்லவா அவர்! கிடைத்த உணவில் அளவறிந்து விழிப்புடன் உண்பவனுக்கு நோவு குறையும், முதுமை மெல்ல வரும், ஆயுள் காக்கப்படும் என்னும் கருத்துடைய ஒரு காதையை மட்டும் அருளிச்செய்தார்.

மன்னனுக்குப் பின்னே சுதஸ்ஸனன் என்னும் இளைஞன் நின்றிருந்தான். அக்காதையைக் கற்றுத் தான் உண்ணும் வேளையில் ஓதிவருமாறு மன்னன் அவனைப் பணித்து, அதற்கு நாளொன்றுக்கு 100 கார்ஷாபணம் அளிப்பதாகவும் உறுதி கூறினான். தன் நாவைத் தானே காக்க இயலாது என்று அறிந்து, காவலனை வைத்துக்கொண்ட அறிவு பாராட்டத்தக்கது.

பருக்கைக் கணக்கு

இனி, தம்மபத உரை கூறும் செய்முறை மிக நுட்பமானது. உண்ணத் தொடங்கும்போது ஓதலாகாது. இறுதிக் கவளத்தை எடுக்கும்போதே ஓதவேண்டும். கேட்ட மன்னன் அக்கவளத்தை உண்ணாது விடுவான். விட்ட கவளத்தில் எத்தனை பருக்கைகள் உள்ளனவோ அவற்றை எண்ணி, மறுநாள் உலையிலிடும் அரிசியில் அத்தனை மணிகளைக் குறைத்துவிட வேண்டும்.

இம்முறையின் சிறப்பை ஆராய்வோம். குறைவது ஒரு கவளமே. ஆதலின் நேற்றைய உணவுக்கும் இன்றைய உணவுக்கும் உள்ள வேறுபாட்டை வயிறு உணராது. குறைத்ததும் கண்ணளவால் அன்று, எண்ணிக்கையால். ஆகவே ஏமாற்றத்திற்கு இடமில்லை. குறைத்த அளவே மறுநாளைக்கு முழு அளவாகிவிடும். ஆகவே விட்ட கவளம் வேறு வழியில் திரும்பி வாராது. குழம்பும் கறியும் மன்னனுக்கு விலக்கப்பட்டதாக ஓரிடத்தும் இல்லை. சுவை நிலைத்தது, மிகுதி நீங்கிற்று.

இவ்வாறு படிப்படியாகக் குறைந்து, நாளடைவில் மன்னன் ஒரு நாழி அரிசிச் சோற்றுக்கு மேல் வேண்டாதவனானான். உடல் மெலிந்து இலகுவாயிற்று. தன் அங்கங்களைக் கையால் தடவிப் பார்த்து, இம்மைப் பயன் மறுமைப் பயன் என்னும் இரண்டினையும் பகவான் தனக்கு அருளினார் என்று வாய்விட்டு மகிழ்ந்தான். ஓடும் மானையும் குதிரையையும் தொடர்ந்து பிடிக்கும் வலிமை தனக்கு வந்துள்ளதெனவும் கூறினான் என்று உரை சொல்லும். பாலி மொழியில் நாளி எனப்படும் இவ்வளவே நம் தமிழில் நாழி. வேந்தனுக்கும் காட்டில் அலையும் வேடனுக்கும் உணவின் தேவை அந்த நாழியளவே என்று புறநானூற்றில் நக்கீரனார் பாடியிருப்பதும், திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் பெரும்பாலும் உணவளவைப் பற்றியே பேசுவதும் ஈண்டு நினைக்கத்தக்கன.

மற்றொரு பக்கம்

அளவு என்றால் வறுமையாக உண்பது என்று எவரும் கொள்ளாதிருக்கும் பொருட்டு, அதே கோசல சம்யுத்தத்தில் வேறொரு செய்தி உள்ளது. சிராவஸ்தியில் மக்கட்பேறில்லாத ஒரு செல்வன் இறந்தான். அவனுடைய பொருளை அரண்மனைக்குச் சேர்த்துவிட்டு மன்னன் பகவானிடம் வந்தான். பொன் மட்டும் 80 இலட்சம். ஆயின் அச்செல்வன் உண்டது நொய்ச்சோறும் புளித்த கஞ்சியும். உடுத்தது முரட்டுத் துணி. ஏறிச் சென்றது இலைக்கூரை வேய்ந்த பழைய வண்டி. தானும் துய்க்காமல், பெற்றோர் மனைவி ஏவலர் எவரையும் மகிழ்விக்காமல், ஈகையும் செய்யாமல் வாழ்ந்த அவ்வாழ்வைப் பகவான் புகழவில்லை; வீணென்றே கூறினார். துரோணம் உண்டு திணறுதல் ஒரு முனை. நொய்க்கஞ்சி உண்டு பொன்னைக் காத்தல் மறுமுனை. மத்திம மார்க்கம் இவ்விரண்டிற்கும் நடுவே செல்வது.

இன்றைய கணக்கு

பசேனதியின் சமையலறையில் மணி மணியாக எண்ணியதை இன்றைய அறிவியல் கலோரி என்னும் அளவால் எண்ணுகின்றது. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரியும், கொழுப்பு 9 கலோரியும் தருவன. 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கலோரி. 10 கிராம் எண்ணெயில் 90 கலோரி. ஆயின் 100 கிராம் சுரைக்காயிலோ வெள்ளரியிலோ 20 கலோரி அளவே உண்டு. உடல் பருத்த ஒருவர் நாளொன்றுக்கு 100 கிராம் அரிசியைக் குறைத்து, அவ்விடத்தைக் கீரை, காய், சிறிது பருப்பு, மோர் ஆகியவற்றால் நிரப்புவாராயின், இலையும் நிறைந்திருக்கும், வயிறும் நிறையும், கலோரி மட்டும் குறையும். கூட்டு, பொரியல், துவையல், இரசம் எனப் பலவகையாக உண்பார்க்கு விலக்கப்பட்ட பண்டத்தின்மேல் ஏக்கம் எழாது. ஏக்கமே பலருடைய நோன்பை முறிப்பது. ஒரேயடியாகப் பாதியாகக் குறைத்தவர் ஒரு வாரத்தில் இருமடங்கு உண்பதை எங்கும் காண்கிறோம். கருவுற்றோரும், நீரிழிவுக்கு மருந்து கொள்வோரும், நோயுற்றோரும் மருத்துவரைக் கேட்டே உணவளவை மாற்றவேண்டும்.

நாவும் செவியும்

நாவை வென்ற பசேனதி செவியை வெல்லவில்லை. இதுவே அவன் வரலாற்றின் துயரம். இளமைத் தோழனாகிய பந்துலனைப் படைத்தலைவனாக அமர்த்தியிருந்தான். பந்துலனும் அவன் மைந்தரும் அரசைக் கவர எண்ணுகின்றனர் என்று பொறாமைக்காரர் கூறிய கோளை ஆராயாமல் நம்பி, அவனையும் அவனுடைய 32 மைந்தரையும் கொல்வித்தான். பின்னர் அவர்கள் குற்றமற்றவர் எனத் தெளிந்து ஆறாத்துயர் உற்றான். உணவில் ஒரு கவளத்தையும் எண்ணிப் பார்த்தவன், ஒரு சொல்லை எண்ணிப் பாராது விழுங்கினான். கழுவாயாகப் பந்துலனுடைய மருகன் தீககாராயணனைப் படைத்தலைவனாக்கினான். அவனோ பகையை நெஞ்சில் மறைத்து வைத்திருந்தான்.

போர்ப் பகையில் மன்னன் நடந்துகொண்ட முறை இதற்கு நேர்மாறானது. அஜாதசத்துருவை உயிருடன் சிறைபிடித்தபோது, படைகளை மட்டும் பறித்துக்கொண்டு, தங்கை மகன் என்று கருதி விடுதலை செய்தான். தன் மகள் வஜிரையையும் மணம் செய்து கொடுத்தான்.

எண்பதாம் வயதில், சாக்கியர் ஊராகிய மேதலும்பத்தில் பகவானை இறுதியாகக் கண்டான். வாளையும் தலைப்பாகையையும் தீககாராயணனிடம் கொடுத்துவிட்டு உள்ளே சென்று, பகவானுடைய திருவடிகளில் விழுந்து முத்தமிட்டான். பிற துறவிகள் சிலர் மெலிந்து, நிறம் வெளிறி, நரம்பு புடைத்துக் காணப்படுவதையும், பகவானுடைய பிக்குகளோ மலர்ந்த முகத்தினராய் மனநிறைவுடன் இருப்பதையும் தான் கண்டு வியந்ததை அப்போது எடுத்துரைத்தான். வயிற்றின் துன்பத்தை அறிந்தவனுக்கே அவ்வேறுபாடு கண்ணிற்படும்.

வெளியே வந்தபோது ஒரு குதிரையும் ஒரு பணிப்பெண்ணும் மட்டுமே நின்றிருந்தனர். அரச சின்னங்களைக் கொண்டு சென்ற தீககாராயணன், இளவரசன் விடூடபனுக்கு முடிசூட்டிவிட்டான். முதிய மன்னன் மருகனுடைய உதவியை நாடி இராஜகிருகம் நோக்கிப் புறப்பட்டான். அடைந்தபோது இரவாகிவிட்டது, கோட்டை வாயில் சாத்தப்பட்டிருந்தது. வழிநடையால் தளர்ந்து, நகர்ப்புறத்து மண்டபம் ஒன்றில் படுத்தான். அவ்விரவே உயிர் நீத்தான். செய்தி கேட்ட அஜாதசத்துரு, மாமனுக்குரிய இறுதிக் கடன்களை அரச மரியாதையுடன் செய்தான்.

முடியும் படையும் ஒருநாளில் அவனை விட்டு நீங்கின. ஆயினும் ஒவ்வொரு நாளும் இறுதிக் கவளத்தைக் கீழே வைத்த அவனுடைய கை, இத்தனை நூற்றாண்டுகளுக்குப் பின்னும் நமக்கு வழிகாட்டுகின்றது. உணவு வேளையில் ஒரு கவளத்தை அறிந்து விடுவது எளிய தொடக்கம். அவ்விழிப்பை நாவோடு நிறுத்தாமல், செவிக்கும் வாய்ச்சொல்லுக்கும் நீட்டுவோமாயின், பசேனதி பெற்ற நலத்தைப் பெற்று, அவன் உற்ற துயரைத் தவிர்ப்போம்.