கானகத்து நண்பர் கென்னத் ஆண்டர்சன்

நட்பின் இயல்பை ஓர் அதிகாரத்துள் அடக்குதல் ஒண்ணாதெனக் கண்ட திருவள்ளுவனார், நட்பு முதல் கூடா நட்பு ஈறாக ஐந்து அதிகாரங்கள் வகுத்தருளினார். அவற்றுள் பழைமை என்பது, நெடுநாட் பழகிய நண்பரின் குறை பொறுத்தொழுகும் பண்பினைக் கூறுவது. பிறப்பு, பொருள், கல்வி என்னும் மூன்றானும் வேறுபட்ட இருவரிடத்து இப்பண்பு நிலைபெற்றமைக்குப் பழைய சேலம் ஜில்லாவின் காடுகளே சான்றாம்.

அவருள் ஒருவர் கென்னத் ஆண்டர்சன். ஆறு தலைமுறையாக இந்நாட்டில் வாழ்ந்த ஸ்காத்லாந்துக் குடியினர். ஐதராபாத்தை அடுத்த பொலாரத்தில் 1910 மார்ச்சு 8இல் பிறந்தார். பெங்களூரிற் கல்வி கற்றார். சட்டம் பயிலுமாறு எடின்பரோவுக்கு அனுப்பப்பட்டும், உள்ளம் ஆங்கு ஒன்றாமையின் மீண்டார். தபால் தந்தி இலாகாவிலும், பின்னர்ப் பெங்களூர் விமானத் தொழிற்சாலையிலும் பணிபுரிந்தார். தமிழும் கன்னடமும் பேச வல்லவர்.

விடுமுறை வாய்த்தபோதெல்லாம் தம் ஸ்டூடிபேக்கர் மோட்டாரில் ஓசூர், பென்னாகரம் பக்கத்துக் காடுகளை நாடினார். 1965இல் தருமபுரி தனி ஜில்லாவாகும் வரை அவையாவும் சேலத்தைச் சார்ந்தனவே. அக்காலத்துக் காட்டு வழியோ கல்லும் மணலும் நிறைந்தது. வண்டி பழுதுற்றால் உதவுவாரைக் காண்டல் அரிது. காவிரியோடு ஒகேனக்கல்லருகிற் கலக்கும் சின்னாறு கோடையில் வற்றி மடுக்களாய் நிற்கும். மனிதர் மீன் பிடிக்கும் அம்மடுவிலேயே இரவில் விலங்குகள் நீருண்ண வரும்.

அச்சின்னாற்றுப் பக்கத்தே அவருக்குக் கிட்டிய நண்பர் பைரா. பூசாரி எனப்படும் கானக்குடியிற் பிறந்தவர், எழுத்தறியார், ஆற்றங்கரையில் அகழ்ந்த குழியே அவர்தம் இல்லம். ஆணையை மீறி வேட்டையாடி வயிறு வளர்த்தவர் அவர் என்பதை ஆண்டர்சன் மறைத்திலர். அதுபற்றி அவரைக் கைவிட்டதும் இலர். அடிச்சுவடு காணவும், மானும் குரங்கும் எழுப்பும் அச்சக் குரலின் பொருள் உணரவும் வல்ல அவரைத் தம் ஆசிரியராகவே கொண்டார். பட்டம் பெறாத ஆசிரியரை ஆசிரியர் என மதித்தல் எளிதன்று என்பதைப் பள்ளியிற் பணிபுரிவோர் நன்கறிவோம்.

1954இல் வெளிவந்த ஆண்டர்சனின் முதல் நூலில் பைராவுக்கென ஓர் இயலே அமைந்துள்ளது. ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் அவர் வீழ்த்திய வரலாறுகள் உலகெங்கும் பரவின. எனினும், புலி இயல்பாகவே மனிதனை உண்பதன்று. மனிதர் செய்த காயத்தால் வேட்டையாடும் வலியிழந்தே பெரும்பாலும் அந்நிலை எய்துகிறது என்பதை அவர் பலகாலும் விளக்கினார். பிற்காலத்தில் துப்பாக்கியினும் புகைப்படக் கருவியையே விரும்பினார். வனவிலங்குகளைக் காக்கும் சட்டம் 1972இல் இயன்றது. ஈராண்டு கழித்து, 1974 ஆகஸ்டு 30இல் அவர் மறைந்தார்.

நம் சங்கத்துக் குடும்பத்தினர் இன்று காரில் ஒகேனக்கல் சென்று, பரிசலேறி, மீனுண்டு மகிழ்ந்து மீள்கின்றனர். பரிசல் தள்ளுபவரின் பெயரைக் கேட்டறிந்து வருவோர் எத்துணையர்? பைராவின் பெயரை அறிந்து எழுதிவைத்தமையாலன்றோ, படியாத அப்பெரியாரை நாம் இன்று அறிகிறோம்! நம் பிள்ளைகள் காட்டையும் ஆற்றையும் கண்டு வருதல் நன்று. அவற்றை அறிந்தாரை மதிக்கக் கற்று வருதல் அதனினும் நன்று.